மோல் கணக்கும் கருணாபுரமும்

வேதியியல் கற்கத் தொடங்கும் மாணவரை முதலில் மிரட்டுவது மோல் என்னும் கருத்தேயாகும். அணு மிகச் சிறியது என்பது விளங்குகிறது. அணுக்கள் இணைந்தால் மூலக்கூறு என்பதும் விளங்குகிறது. ஆனால் ‘ஒரு மோல்’ என்றவுடன் பத்தின் இருபத்து மூன்றாம் அடுக்கு முன்னே வந்து நிற்கிறது. தேர்வுக்காகச் சூத்திரத்தை மனப்பாடம் செய்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். இது தேர்வுத்தாளோடு முடிந்துவிடும் கணக்கு என்று எண்ணுவோர் நம்மில் பலர்.

அவ்வாறு அன்று என்பதை நம் மாவட்டம் மிகப் பெரிய விலை கொடுத்துக் கண்டது. சின்னசேலத்திலிருந்து அரைமணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் உள்ளது கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம். 2024-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் தொடங்கி, மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தைக் குடித்தவர்கள் அங்கும் சுற்றுப்புறங்களிலும் அடுத்தடுத்து உயிரிழந்தனர். இறந்தோர் தொகை அறுபதைக் கடந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 2023 மே மாதத்தில், விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்திருந்தது.

குடித்தவர்கள் ‘சரக்கு கெட்டுவிட்டது’ என்றும், ‘போதை அதிகமாகிவிட்டது’ என்றும் பேசிக்கொண்டனர். வேதியியல் மாணவராகிய நாம் அந்தச் சொற்களோடு நின்றுவிட முடியாது. அங்கு நடந்தது என்ன என்பதை அணு, மூலக்கூறு, மோல் ஆகிய மூன்று சொற்களைக் கொண்டே விளக்கலாம். இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

அணுவும் மூலக்கூறும்

ஒவ்வொரு தனிமமும் அதற்கே உரிய எடையுள்ள அணுக்களால் ஆனது என்று 1808-ஆம் ஆண்டு ஜான் டால்டன் தம் நூலில் விளக்கினார். அணுக்கள் குறிப்பிட்ட விகிதத்தில் இணைந்து சேர்மங்களைத் தருகின்றன. ஹைட்ரஜன் அணுவின் எடையை 1 என்று கொண்டால், கார்பன் அணுவின் எடை 12, ஆக்சிஜன் அணுவின் எடை 16. இவை ஒப்பு எடைகளேயன்றிக் கிராம்கள் அல்ல.

ஒரு சேர்மத்தின் குணத்தைக் காட்டக்கூடிய மிகச் சிறிய துகள் மூலக்கூறு எனப்படும். நீர் மூலக்கூற்றில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் உள்ளன. ஆகவே அதன் மூலக்கூறு எடை 18. அதை உடைத்தால் கிடைப்பவை ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமே, நீர் அன்று.

இனி நம் பொருளுக்கு வருவோம். மெத்தனால் மூலக்கூற்றில் ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். ஆகவே 12, 4, 16 ஆகியவற்றைக் கூட்ட 32. எத்தனால் மூலக்கூற்றில் இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். ஆகவே 24, 6, 16 ஆகியவற்றைக் கூட்ட 46. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு கார்பன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் மட்டுமே.

எண்ண முடியாததை எடை போட்டு எண்ணுதல்

மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக எண்ண இயலாது. அப்படியாயின் எத்தனை உள்ளன என்று எவ்வாறு அறிவது? இதற்கான விடை நம் ஊர்க் களத்துமேட்டிலேயே இருக்கிறது.

ஒரு மூட்டை மக்காச்சோளத்தில் எத்தனை மணிகள் உள்ளன என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் ஆயிரம் மணிகளை எண்ணி எடுத்து நிறுத்துப் பார்க்கலாம். அவை 300 கிராம் இருப்பதாகக் கொள்வோம். அப்படியானால் 60 கிலோ மூட்டையில் 2 லட்சம் மணிகள் உள்ளன. தராசே இங்கு எண்ணும் கருவியாகிறது.

அதே 2 லட்சம் மணிகள் கம்பாக இருந்தால்? ஆயிரம் கம்பு மணிகளின் எடையை 10 கிராம் என்று கொண்டால், 2 லட்சம் மணிகள் 2 கிலோதான். எண்ணிக்கை ஒன்றே, எடை மட்டும் வேறு. வெற்றிலைக் கடையில் ஒரு கவுளி என்றால் நூறு வெற்றிலை. காகிதக் கடையில் ஒரு ரீம் என்றால் ஐந்நூறு தாள். இலை பெரிதானாலும் சிறிதானாலும் கவுளி கவுளியே. மோல் என்பதும் இத்தகைய ஓர் எண்ணிக்கைச் சொல்லே. கவுளி வெற்றிலைக்கு, மோல் அணுக்களுக்கும் மூலக்கூறுகளுக்கும்.

ஒரு பொருளின் மூலக்கூறு எடையை அப்படியே கிராமில் எடுத்துக்கொண்டால் அது ஒரு மோல் ஆகும். 18 கிராம் நீர் ஒரு மோல்; 32 கிராம் மெத்தனால் ஒரு மோல்; 46 கிராம் எத்தனால் ஒரு மோல். எடைகள் வேறு வேறாயினும் மூன்றிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே. அந்த எண்ணிக்கையே அவகாட்ரோ எண்.

அவகாட்ரோ எண்

ஒரே வெப்பநிலையிலும் ஒரே அழுத்தத்திலும் உள்ள சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையுள்ள மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811-இல் இத்தாலியரான அமெதியோ அவகாட்ரோ கூறினார். அவர் வாழ்ந்த காலத்தில் அக்கருத்து பரவலாக ஏற்கப்படவில்லை. 1856-இல் அவர் மறைந்தார். 1860-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவ நகரில் கூடிய வேதியியல் மாநாட்டில் கன்னிசாரோ என்பவர் அக்கருத்தை எடுத்துரைத்த பின்னரே அணு எடைகளில் இருந்த குழப்பம் தீரத் தொடங்கியது. அந்த எண்ணிக்கையைச் சோதனைகளால் கணக்கிட்டு, அதற்கு அவகாட்ரோவின் பெயரை 1909-இல் முன்மொழிந்தவர் பிரெஞ்சு அறிஞர் ஜான் பெர்ரின். அவருக்கு 1926-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

முன்னர், 12 கிராம் கார்பன்-12 இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கையே மோல் என்று வரையறுத்திருந்தனர். 2019-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் முதல் அந்த எண்ணே நேராக வரையறுக்கப்பட்டுவிட்டது: 6.02214076 × 10²³. நம் கணக்குகளுக்கு 6.02 × 10²³ போதும்.

இந்த எண் எவ்வளவு பெரியது? உலகில் உள்ள சுமார் 800 கோடி மக்களும் உண்ணாமல் உறங்காமல் விநாடிக்கு ஒன்றாக எண்ணினாலும், ஒரு மோல் மூலக்கூறுகளை எண்ணி முடிக்க ஏறத்தாழ 24 லட்சம் ஆண்டுகள் ஆகும். அத்தனை மூலக்கூறுகளும் 18 கிராம் நீரில், அதாவது ஒரு மடக்கு நீரில் அடங்கிவிடுகின்றன.

இரண்டு ஆல்கஹால்கள்

கரும்பு நம் மாவட்டத்தின் பெரும் பயிர். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகையோ, வெல்லத்தையோ நீரில் கரைத்து ஈஸ்ட் கொண்டு நொதிக்கவைத்தால் கிடைப்பது எத்தனால். ஒரு மோல் குளுக்கோஸ் 180 கிராம். அது நொதிக்கும்போது இரண்டு மோல் எத்தனாலும் (92 கிராம்) இரண்டு மோல் கார்பன் டைஆக்சைடும் (88 கிராம்) உண்டாகின்றன. 92-ஐயும் 88-ஐயும் கூட்டினால் அதே 180. ஓர் அணுவும் காணாமற் போகவில்லை.

மெத்தனால் பிறக்கும் வழி வேறு. தொழிற்சாலைகளில் ஒரு மோல் கார்பன் மோனாக்சைடும் (28 கிராம்) இரண்டு மோல் ஹைட்ரஜனும் (4 கிராம்) உயர் அழுத்தத்தில் வினையூக்கியின் முன்னிலையில் இணைந்து ஒரு மோல் மெத்தனாலை (32 கிராம்) தருகின்றன. இது கரைப்பானாகவும், ஃபார்மால்டிஹைடு முதலியன செய்வதற்கான மூலப்பொருளாகவும் பயன்படுகிறது. வெல்ல ஊறல் நொதிக்கும்போது மெத்தனால் தோன்றினாலும் அது மிகச் சிறிதளவே. எனவே உயிரைக் குடிக்கும் அளவுக்குச் சாராயத்தில் மெத்தனால் இருந்தால், அது பானையில் விளைந்ததன்று. தொழிற்சாலைப் பொருள் வெளியிலிருந்து வந்து சேர்ந்தது என்றே கொள்ள வேண்டும்.

இரண்டு ஆல்கஹால்களும் நிறமற்றவை. இரண்டும் நீரில் முழுமையாகக் கலப்பவை. இரண்டின் மணமும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டின் அடர்த்தியும் மில்லி லிட்டருக்கு 0.79 கிராம். இரண்டும் தீப்பற்றி எரியும். ஆகவே மோந்து பார்த்தோ, நாக்கில் வைத்துப் பார்த்தோ, தீக்குச்சி கொளுத்திப் பார்த்தோ ‘நல்ல சரக்கு’ என்று சொல்வதில் பொருளே இல்லை.

நாம் ஆய்வகத்தில் செய்யும் அயடோஃபார்ம் சோதனையை நினைத்துப் பாருங்கள். எத்தனால் மஞ்சள் நிற வீழ்படிவைத் தரும்; மெத்தனால் தராது. ஆனால் இரண்டும் கலந்திருந்தால்? அப்போதும் மஞ்சள் வீழ்படிவு வரும். ஏனெனில் எத்தனாலும் அங்கே இருக்கிறது. எனவே அச்சோதனை ‘எத்தனால் உண்டு’ என்று சொல்லுமேயன்றி ‘மெத்தனால் இல்லை’ என்று சொல்லாது. மெத்தனாலைக் கண்டறிய, அதைப் பெர்மாங்கனேட்டால் ஃபார்மால்டிஹைடாக மாற்றி, கந்தக அமிலத்துடன் குரோமோட்ரோபிக் அமிலம் சேர்த்து ஊதா நிறம் தோன்றுகிறதா என்று பார்க்க வேண்டும். அல்லது வாயு வண்ணப்பிரிகைக் கருவியை நாட வேண்டும்.

பத்து மில்லி லிட்டரின் கணக்கு

இப்போது மோல் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 10 மில்லி லிட்டர் தூய மெத்தனாலின் எடை ஏறத்தாழ 7.9 கிராம். அதை 32 ஆல் வகுத்தால் 0.25 மோல். அதாவது 1.5 × 10²³ மூலக்கூறுகள். அதே அளவு எத்தனாலை எடுத்துக்கொண்டால், 7.9-ஐ 46 ஆல் வகுக்க 0.17 மோல்தான் வருகிறது. ஒரே அளவுக் குவளையில் ஊற்றினாலும் மெத்தனால் மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம்.

ஆயினும் மெத்தனால் மூலக்கூறு உள்ளே சென்றவுடன் கொல்வதில்லை. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை முதலில் ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது; மற்றொரு நொதி அதை விரைவாக ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. எத்தனாலையும் இந்த நொதிகளே மாற்றுகின்றன. ஆனால் அங்கே கிடைப்பது அசிட்டிக் அமிலம். அதை உடல் எரித்து ஆற்றலாக்கிக்கொள்ளும். ஃபார்மிக் அமிலத்தையோ மனித உடல் மிக மெதுவாகவே அகற்றுகிறது. ஒரு கார்பன் அணு குறைந்ததன் விளைவு இது.

இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். ஃபார்மிக் அமிலத்தில் ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன்: 12, 2, 32 ஆகியவற்றைக் கூட்டினால் 46. எத்தனாலின் மூலக்கூறு எடையும் 46 தான்! எடை ஒன்றாக இருந்தும் குணம் முற்றிலும் வேறு. ஆகவே மூலக்கூறுகள் எத்தனை என்பதோடு, எத்தகையவை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒரு மோல் மெத்தனால் ஒரு மோல் ஃபார்மிக் அமிலத்தைத் தரும். ஆகவே 0.25 மோல் மெத்தனாலிலிருந்து 0.25 மோல் ஃபார்மிக் அமிலம், அதாவது 11 கிராமுக்கு மேல் வரக்கூடும். உள்ளே சென்றது 8 கிராமுக்கும் குறைவு. உருவானது 11 கிராம். மூச்சில் வந்த ஆக்சிஜனே அந்த மிகுதி எடை.

இந்த அமிலத்தை எதிர்க்க உடலில் என்ன இருக்கிறது? முதன்மையாக இருப்பது பைகார்பனேட். செல்களுக்கு வெளியே உள்ள நீர்மத்தில் லிட்டருக்கு 24 மில்லிமோல் வீதம் அது உள்ளது. மில்லிமோல் என்பது மோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அத்தகைய நீர்மம் சுமார் 14 லிட்டர். ஆகவே மொத்தம் 336 மில்லிமோல்; ஏறத்தாழ 0.34 மோல். ஒரு ஃபார்மிக் அமில மூலக்கூறு ஒரு பைகார்பனேட்டைச் செலவழிக்கும். எனவே பத்து மில்லி லிட்டர் மெத்தனால் தரும் அமிலம் முழுவதும் ஒருசேர வந்தால், இந்தக் கையிருப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு தீர்ந்துவிடும். முப்பது மில்லி லிட்டரானால் 0.74 மோல், அதாவது கையிருப்பைப் போல் இரு மடங்குக்கும் மேல்!

உண்மையில் அமிலம் மணிக்கணக்கில் சிறிது சிறிதாகவே உருவாகிறது. உடலில் வேறு தாங்கல் கரைசல்களும் உண்டு. ஒரு பகுதி வெளியேறியும் விடுகிறது. ஆயினும் இந்த எளிய கணக்கு ஆபத்தின் அளவை நமக்குக் காட்டிவிடுகிறது. 10 மில்லி லிட்டர் தூய மெத்தனால் பார்வையைப் பறிக்கலாம், 30 மில்லி லிட்டர் உயிரைப் பறிக்கலாம் என்று மருத்துவ நூல்கள் எச்சரிப்பதன் பின்னணியும் இதனால் புலப்படுகிறது. இரத்தம் அமிலத்தன்மை அடைவதோடு, ஃபார்மேட்டு அயனி செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியையும் தடுக்கிறது. பார்வை நரம்பு முதலில் பாதிக்கப்படுவது இதனாலேயே.

இன்னொன்றும் உண்டு. மெத்தனால் அமிலமாக மாறக் காலம் தேவை. குடித்து 12 முதல் 24 மணி நேரம் வரை பெரிய தொல்லை எதுவும் தெரியாமல் இருக்கலாம். ‘நேற்றுக் குடித்தவன் நன்றாகத்தானே இருக்கிறான்’ என்று நம்பி அடுத்தவரும் குடிப்பதற்கு இந்த இடைவெளியே காரணமாகிறது.

மருத்துவமும் மோல் கணக்கே

நஞ்சை முறிக்கும் முறையும் இதே வேதியியலைச் சார்ந்தது. கல்லீரல் நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால் மீது நாட்டம் மிகுதி. ஆகவே மருத்துவர்கள் அளவறிந்து எத்தனாலையோ, ஃபோமெபிசோல் என்னும் மருந்தையோ செலுத்தி அந்த நொதியை வேறு பக்கம் திருப்புகின்றனர். அமிலம் உருவாவது நிற்கிறது. இழந்த பைகார்பனேட்டை ஊசி வழியாக ஈடு செய்கின்றனர். மாறாத மெத்தனாலையும் உருவான அமிலத்தையும் டயாலிசிஸ் மூலம் இரத்தத்திலிருந்து அகற்றுகின்றனர். கருணாபுரத்து மக்கள் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், சேலம், விழுப்புரம் மருத்துவமனைகளிலும், புதுவை ஜிப்மரிலும் சேர்க்கப்பட்டனர்.

இதைப் படித்துவிட்டு ‘சாராயத்துக்கு மாற்று பிராந்தி’ என்று யாரும் வீட்டு வைத்தியத்தில் இறங்கிவிடக் கூடாது. இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து, மணிக்கு மணி சரிபார்த்துச் செய்யும் மருத்துவம் அது. எத்தனாலும் உடலுக்கு நல்லதன்று. கல்லீரலைக் கெடுப்பதில் அதற்கும் பெரும் பங்கு உண்டு. குடித்தவருக்கு வயிற்றுவலி, வாந்தி, மேல்மூச்சு வாங்குதல், கண்ணில் பனிமூட்டம் போன்ற மங்கல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனை சேர்க்க வேண்டும். அவருடன் சேர்ந்து குடித்தவர்களுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் அவர்களையும் அழைத்துச் செல்ல வேண்டும். காலம் கடந்தால் ஒவ்வொரு மணி நேரமும் மெத்தனால் அமிலமாகிக்கொண்டே இருக்கும். காவல்துறைக்கு அஞ்சியும் அக்கம்பக்கத்தார் பேச்சுக்கு நாணியும் வீட்டிலேயே படுக்கவைத்திருப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

முடிவுரை

கருணாபுரத் துயருக்குப் பின் 2024-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. சட்டம் செய்ய வேண்டியதைச் சட்டம் செய்யட்டும். கல்வி செய்ய வேண்டியது ஒன்று உண்டு.

நம் கல்லூரியில் பயில்வோரில் பலர் தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். கூலி வேலைக்குச் சென்று உடல் வலிக்கு மருந்தென்று குடிப்பவர்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். நம் உறவிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் சென்று அவகாட்ரோ எண்ணைச் சொல்லத் தேவையில்லை. ‘மணமும் காரமும் வைத்து நஞ்சைக் கண்டுபிடிக்க முடியாது, ஒரு நாள் கழித்தே அது வேலையைக் காட்டும், கண் மங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதே’ என்னும் மூன்று செய்திகளைச் சொன்னால் போதும். ஆனால் அவற்றை உறுதியோடு சொல்ல வேண்டுமானால், ஏன் என்று கேட்கும்போது விடை கூறத் தெரிந்திருக்க வேண்டும். அந்த விடை மோல் கணக்கில் இருக்கிறது.

32-க்கும் 46-க்கும் உள்ள வேறுபாடு 14. ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன். தேர்வில் இதைத் தவறாக எழுதினால் ஒரு மதிப்பெண் போகும். கருணாபுரத்தில் இந்த வேறுபாட்டை அறிய வழியில்லாமல் குடும்பங்கள் தாயையும் தந்தையையும் இழந்தன. ஆகவே, நண்பர்களே, மோல் கணக்கை மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொண்டு படிப்போம். புரிந்ததை நம் வீட்டாருக்கு அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்வோம்.

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)